கணினி படிக்கக்கூடிய வாக்காளர் பட்டியல் வேண்டும்: இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்கள் இருவருக்கும்,

வணக்கம்.

2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானபோது, வீடு வீடாகப் படிவம் கொடுத்துப் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்கும் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கு (எஸ்ஐஆர்) முன் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5.43 கோடியாகக் குறைந்திருந்தது. நீக்கப்பட்ட 97.37 லட்சம் பெயர்களில் 26.94 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றும், 66.44 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள் என்றும், 3.98 லட்சம் பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவானவர்கள் என்றும் வகைபிரித்துச் சொல்லப்பட்டது. இந்த எண்கள் தவறு என்று வாதிட இம்மடலை எழுதவில்லை. அவை சரி என்று சொல்லவும் எங்களைப் போன்ற தரவு இதழியலாளர்களுக்கு வழியில்லாமல் இருப்பதுதான் எழுதக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். தமிழ்நாட்டில் ஓராண்டில் பதிவாகும் இறப்புகள் ஏழு லட்சம் அளவில் இருக்கும். அப்படியானால் 26.94 லட்சம் என்பது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளின் இறப்புகளுக்குச் சமம். ஆண்டுதோறும் பெயர்களைச் சேர்த்தும் நீக்கியும் பட்டியலைப் புதுப்பிக்கும் சுருக்கத் திருத்தம் நடந்துவரும் மாநிலத்தில் இத்தனை பெயர்கள் நீக்கப்படாமல் தேங்கியிருந்தன என்பது நம்பத்தக்கதுதான். வீட்டில் ஒருவர் இறந்தால் பெயரை நீக்கக் கோரும் படிவம் 7 கொடுக்க வேண்டும் என்று எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? ஆனால் இதை உறுதிசெய்ய வேண்டுமானால், இறந்தவர் என்று நீக்கப்பட்டோரின் வயதுப் பரவல் மாநிலத்தின் இறப்பு விகிதத்தோடு ஒத்துப்போகிறதா, ஏதேனும் சில பாகங்களில் (ஒரு வாக்குச்சாவடிக்கான பட்டியல் ஒரு பாகம்) மட்டும் முப்பது வயதுக்காரர்கள் இயல்புக்கு மாறாக ‘இறந்திருக்கிறார்களா’ என்று பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்தோர் வகையிலும் அப்படித்தான். திருமணத்தால் ஊர் மாறிய பெண்களும், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நகரத்து ஏழைகளும் அந்த 66 லட்சத்தில் எந்த அளவுக்கு இருக்கிறார்கள் என்பது எளிய கேள்வி. பட்டியல் அட்டவணையாகக் கிடைத்தால் ஒரு பிற்பகலில் விடை காணலாம். சாவடிவாரியாக அச்சுப் பக்கங்களின் படங்களாகக் கிடைக்கும்போது, அதே வேலை பல மாதங்களுக்கு நீளும் பெருந்திட்டமாகிவிடுகிறது.

பட்டியலைப் படமாகத் தரும் நடைமுறை தற்செயலாக வந்ததன்று. எழுத்து வடிவக் கோப்புகளை விலக்கிப் படவடிவப் பிடிஎஃப்களை மட்டும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2018 ஜனவரியில் ஆணையமே மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிகளுக்குப் பணித்தது. அதே ஆண்டு காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முடிவில் தலையிட மறுத்தது. பட்டியல் கணினி படிக்கக்கூடிய வடிவில் இருப்பது தனியுரிமைக்குக் கேடு என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாக 2025 ஆகஸ்டு 17 செய்தியாளர் சந்திப்பில் ஆணையத்தின் தரப்பில் கூறப்பட்டது. 2018 அக்டோபர் தீர்ப்பைப் படித்தவர்கள் இதை ஏற்பது கடினம். கொடுக்கப்பட்ட வடிவம் ஆணையத்தின் கையேட்டுக்கு உட்பட்டதே என்றும், மனுதாரர் விரும்பினால் தம் சொந்த முயற்சியில் அதைத் தேடக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும்தான் அத்தீர்ப்பு சொன்னது. கட்டாயப்படுத்த மறுப்பது வேறு, தடை செய்வது வேறு. ஆணையம் நாளையே தன் முடிவை மாற்றிக்கொண்டால் அத்தீர்ப்பு குறுக்கே நிற்காது.

‘சொந்த முயற்சி’ என்று நீதிமன்றம் குறிப்பிட்டதன் பொருள் தமிழில் வேலை செய்பவர்களுக்கு நன்கு தெரியும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓசிஆர் மென்பொருள்கள் தெளிவான தமிழ் அச்சை இன்று ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. ஆனால் வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கத்தில் முப்பது கட்டங்கள் நெருக்கியடித்து நிற்கும்; எழுத்து சிறியது, படத்தின் நுணுக்கமும் குறைவு. அங்கே மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும், ரகரம் துணைக்காலாகும், எகர ஏகாரக் குறிகள் இடம் மாறும். குடும்பப் பெயர் வழக்கமில்லாத நம் ஊரில் ஒரே பாகத்தில் நான்கு முருகன்கள் இருப்பது இயல்பு. அவர்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் தந்தை பெயரும் வயதும்தான். அந்த இரண்டில் ஒன்று பிழையாகப் படிக்கப்பட்டால் இல்லாத இரட்டைப் பதிவு தோன்றிவிடும், இருக்கும் இரட்டைப் பதிவு மறைந்துவிடும். எனவே பொறுப்புள்ள இதழாளர் இந்த வழியில் கிடைத்த எண்ணை அச்சிடத் தயங்குவார். பொறுப்பில்லாதவர் தயங்கமாட்டார். ஆணையம் அஞ்சும் பொய்ச் செய்திக்கு ஆணையத்தின் கோப்பு வடிவமே இடம் கொடுக்கிறது என்பதை யாரேனும் அங்கே யோசித்ததுண்டா?

தனியுரிமையைக் காக்கவே படவடிவம் என்பது உண்மையானால், அது யாரைத் தடுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய கட்சிகளிடமும் தேர்தல் வியூக நிறுவனங்களிடமும் பணம் இருக்கிறது, தட்டச்சு செய்ய ஆள் இருக்கிறது, கணினிகளும் இருக்கின்றன. வீடு வீடாகத் திரட்டிய கைப்பேசி எண்களோடு பட்டியலைப் பொருத்தி அவர்கள் எப்போதோ தயார் நிலையில் வைத்திருப்பார்கள். தடுக்கப்படுபவர்கள் மாவட்டச் செய்தியாளர்களும், பல்கலைக்கழக ஆய்வாளர்களும், தம் தெருவின் நீக்கங்களைச் சரிபார்க்க விரும்பும் குடியிருப்போர் சங்கங்களும்தான். பெங்களூரு மகாதேவபுரா தொகுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிப் பதிவுகள் இருந்தன என்று 2025 ஆகஸ்டு 7 அன்று ராகுல் காந்தி தாள் அடுக்குகளைக் காட்டிக் குற்றஞ்சாட்டினார். ஆணையம் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடச் சொன்னது. யார் சொல்வது சரி என்பதை இரு தரப்பிலும் சேராத எவரும் தாமாகச் சோதித்துச் சொல்ல முடியவில்லை. கணக்கு பார்த்துத் தீர்க்க வேண்டிய விவகாரம் விசுவாசத்தின் விவகாரமாகிப் போனது.

இதற்கிடையே ஆணையம் தன் பங்குக்குக் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்துகிறது. ஒத்த விவரமுள்ள பதிவுகளையும் ஒத்த புகைப்படமுள்ள பதிவுகளையும் கண்டறிய அதனிடம் மென்பொருள் உண்டு. மேற்கு வங்கத்தில் பெற்றோர் பெயர் பழைய பட்டியலோடு பொருந்தவில்லை, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் வயது இடைவெளி போதவில்லை என்பன போன்ற ‘தருக்க முரண்பாடுகளை’க் கணினி தேர்ந்தெடுத்ததன் பேரில் ஏராளமான வாக்காளர்களுக்கு விசாரணை அறிவிப்புகள் சென்றன. அந்த விதிகள் எப்படி வகுக்கப்பட்டன, அவற்றின் பிழை விகிதம் என்ன, வங்காள எழுத்திலிருந்து ஆங்கில எழுத்துக்குப் பெயரை மாற்றும்போது நேரும் வேறுபாடு முரண்பாடாகக் கணக்கிடப்பட்டதா என்பனவெல்லாம் வெளியில் வரவில்லை. குடிமக்களை ஆணையம் கணினியால் சோதிக்கலாம். ஆணையத்தின் வேலையைக் குடிமக்கள் கண்ணால் மட்டுமே சோதிக்க வேண்டும். இந்த ஒருதலையான ஏற்பாட்டைத்தான் நான் எதிர்க்கிறேன். மற்றக் குறைகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

இந்தியாவைத் ‘தேர்தல்வழி எதேச்சாதிகாரம்’ என்று நாடுகளின் ஜனநாயக நிலையை அளவிடும் சுவீடனின் வி-டெம் நிறுவனம் 2021இல் வகைப்படுத்தியபோது மத்திய அரசு கடுமையாக மறுத்தது. அந்த வகைப்பாடு சரியா என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. ஆனால் தேர்தல் தரவைத் தொட்டவர்களுக்கு அண்மையில் நேர்ந்தவற்றை எண்ணிப் பாருங்கள். நெருக்கமான போட்டி நடந்த தொகுதிகளின் முடிவுகளை ஆராய்ந்து கட்டுரை எழுதிய அசோகா பல்கலைக்கழகப் பொருளியலாளர் சப்யசாச்சி தாஸ் 2023 ஆகஸ்டில் பதவி விலகினார்; அதையொட்டி உளவுத்துறை அதிகாரிகள் அப்பல்கலைக்கழகத்துக்கே சென்றார்கள். கட்டுரையின் முடிவில் குறை இருந்தால் இன்னொரு கட்டுரையால் மறுத்திருக்கலாம். 2025 ஆகஸ்டில் டெல்லியின் சிஎஸ்டிஎஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தேர்தல் ஆய்வாளர் சஞ்சய் குமார் மகாராஷ்டிரத்தின் சில தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை பற்றித் தவறான எண்களை வெளியிட்டு, அட்டவணையின் வரிசையைத் தம் குழு தவறாகப் படித்துவிட்டது என்று இரண்டே நாளில் மன்னிப்புக் கேட்டுப் பதிவை நீக்கினார். அப்படியும் அவர்மீது முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின. உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அவர் மூச்சுவிட முடிந்தது. கணக்கில் பிழை செய்தவர் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும் நாட்டில், பிழையில்லாமல் கணக்கிடத் தேவையான கோப்பை அரசமைப்பு நிறுவனமே கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கனமான பொறுப்பு என்பதை நீங்கள் உணர வேண்டும்.

பொருத்திப் பார்க்கக்கூடிய ஓர் எண் வெளியில் வந்தால் என்ன நடக்கும் என்பதை 2024 மார்ச்சில் கண்டோம். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த பிறகு, விவரங்களைத் தர பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. மார்ச் 11 அன்று நீதிமன்றம் மறுத்ததும் மறுநாளே கொடுத்தது. மார்ச் 14 அன்று வந்த இரண்டு பட்டியல்களில் வாங்கியவர் ஒரு பக்கம், பணமாக்கிய கட்சி மறுபக்கம் இருந்தார்களே தவிர, இரண்டையும் இணைக்கும் பத்திர எண் இல்லை. மார்ச் 21 அன்று அந்த எண்கள் வெளியானவுடன், பல ஊடகங்களில் இருந்த செய்தியாளர்களும் தன்னார்வ நிரலாளர்களும் சிறு நிரல்களால் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைப் பொருத்தி முடித்தார்கள். 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய ஃபியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனம் திமுகவுக்கு 500 கோடிக்கு மேல் கொடுத்திருந்ததும், எல்லாக் கட்சிகளையும் விட பாஜக மிக அதிகமாகப் பெற்றிருந்ததும் ஒரே அட்டவணையில் தெரிந்தன. எந்தக் கட்சியின் முகத்தையும் பார்த்து அந்த நிரல்கள் எழுதப்படவில்லை.

தனியுரிமை பற்றிய கவலையை நான் புறந்தள்ளவில்லை. பெயர், உறவினர் பெயர், வயது, வீட்டு எண் ஆகியவை கோடிக்கணக்கில் ஒரே கோப்பில் கிடைத்தால், கலவர நாளில் ஒரு சமூகத்தின் வீடுகளைத் தெருவாரியாகக் குறிக்க அது உதவும். இந்த நாட்டில் இது வெறும் கற்பனை அச்சம் அல்ல. ஆகையால் முழுப் பட்டியலையும் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கும்படி வைக்கச் சொல்லவில்லை. பாகவாரியாகச் சேர்ப்பு, நீக்கம், நீக்கத்தின் காரணம், வயதுப் பிரிவு, பாலினம் ஆகியவற்றின் எண்ணிக்கையை அட்டவணைக் கோப்பாக வெளியிடுவதில் எவருடைய அந்தரங்கமும் போகாது, ஐந்தாறு பேர் மட்டுமே வரும் கட்டங்களை மறைத்துவிட்டால் போதும். இரட்டைப் பதிவுகளைச் சோதிக்க, பெயர் இல்லாமல், அடையாள அட்டை எண்ணைக் குறியாக்கம் செய்த வடிவில் தரலாம். (இங்கே ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை: மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண்ணுக்குச் சாத்தியமான சேர்க்கைகள் 17,576 கோடிதான்; எண்ணை ஒரு சூத்திரத்தால் வேறு குறியாக மாற்றும் ‘ஹாஷ்’ முறையை மட்டும் செய்து வெளியிட்டால் ஒரு நல்ல கணினி எல்லாவற்றையும் முயன்று பார்த்து உடைத்துவிடும். ஆணையம் மட்டுமே அறிந்த இரகசியச் சாவியைச் சேர்த்தே குறியாக்கம் செய்ய வேண்டும்.) வெவ்வேறு மாநிலங்களில் வெவ்வேறு ஆட்களுக்கு ஒரே அட்டை எண் இருந்ததை 2025 மார்ச்சில் ஆணையமே ஒப்புக்கொண்டு, மூன்று மாதத்தில் தீர்ப்பதாக அறிவித்தது, அது தீர்ந்ததா என்பதை இத்தகைய கோப்பு ஒன்றிருந்தால் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். பெயரோடு கூடிய முழுத் தரவை, பயன்பாட்டு நிபந்தனைகளில் கையெழுத்திடும் ஆய்வாளர்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் மட்டும் தரலாம்.

பீகாரில் நீக்கப்பட்ட ஏறத்தாழ 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு, அட்டை எண்ணால் தேடக்கூடிய வகையில் வெளியிட 2025 ஆகஸ்டு 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் சில நாட்களிலேயே அது நடந்தது. ஆக, தொழில்நுட்பம் தடையாக இல்லை. ஆனால் ஒருவர் தன் பெயரைத் தேடிக்கொள்வதோடு அந்த ஏற்பாடு நின்றுவிடுகிறது. ஒரு தொகுதியின் நீக்கங்களை மொத்தமாக எடைபோட அது பயன்படாது. கூடவே, ஒருமுறை ஏற்றிய கோப்பைப் பின்னர் மாற்றினால் மாற்றிய நாளும் பழைய கோப்பும் தளத்தில் இருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு கோப்புக்கும் மின்கையொப்பம் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வாக்குச்சாவடியில் பதிவான வாக்குகளைக் கணக்கிடும் படிவம் 17சி விவரங்கள், ஸ்கேன் செய்த தாள்களாகவே கிடக்கும் வாக்கு எண்ணிக்கை முடிவுத் தாளான படிவம் 20, சிசிடிவி பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்க 2024 டிசம்பரில் திருத்தப்பட்ட தேர்தல் நடத்தை விதிகளின் விதி 93 ஆகியவற்றுக்கும் இதே வாதம் பொருந்தும். அவற்றைத் தனியே எழுதலாம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(j)யில், பொதுநலன் இருந்தால் தனிநபர் விவரத்தையும் தரலாம் என்று இருந்த விலக்கு, மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2025 நவம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. 2019 மசோதாவில் இதழியலுக்கு இருந்த விலக்கும் இச்சட்டத்தில் இல்லை. மனுப் போட்டுக் கேட்கும் வழி இப்படிக் குறுகிய பின், ஆணையம் தானாக வெளியிடுவதை நம்பித்தான் எங்கள் வேலை நடக்க வேண்டியிருக்கிறது.

இம்மடலுக்கு எழுத்து வடிவில் பதில் எதிர்பார்க்கிறேன். அட்டவணைக் கோப்பாக வெளியிடுவதை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்பதைப் பதிலில் குறிப்பிடுங்கள். அப்படி ஒரு பிரிவு இல்லையென்றால், தமிழ்நாட்டின் பாகவாரி நீக்கங்களையும் அவற்றின் காரணங்களையும் முதல் கோப்பாக வெளியிடும் நாளை அறிவியுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு தரவு இதழியலாளர்