காய்ச்சல் விட்ட பிறகு கண்ணையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த டெங்கு கட்டுரையைப் படித்தேன். தேவையான கட்டுரைதான். ஆனால் காய்ச்சல் இறங்கி, தட்டணுக்கள் ஏறி, நோயாளி வீடு திரும்புவதோடு அது முடிந்துவிடுகிறது. எங்களுக்குச் சோதனை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

என் தம்பிக்குக் காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. "படிக்க உட்கார்ந்தா எழுத்தெல்லாம் குதிக்குதுக்கா" என்றான். படுத்துக் கிடந்த அசதி, சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் தம்ளரைப் பிடிக்க முடியாமல் கை வெட்டி இழுத்தது. முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இரண்டு விழிகளும் சேர்ந்தாற்போல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தன. கண்ணை மூடச் சொன்னேன். மூடிய இமைக்கு அடியிலும் அந்தத் துள்ளல் நிற்கவில்லை.

முதலில் போன மருத்துவமனையில் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, வெறும் பலவீனம் என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு நாள் வீணானது. அப்புறம் பார்த்த நரம்பியல் மருத்துவர், அவனை ஒரு விரலைப் பார்க்கச் சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டார். விழிகள் இப்படித் தாறுமாறாக ஓடுவதற்கு 'ஆப்சோகுளோனஸ்' என்று பெயர். வைரஸோடு போராடும் நம் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி மூளைத்தண்டையும் சிறுமூளையையும் தாக்குவதால் இது வருவதாகக் கருதுகிறார்கள். புற்றுக்கட்டியாலும் வரக்கூடும் என்பதால் ஸ்கேன் எடுத்தார்கள், முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரையும் சோதித்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு ஸ்டீராய்டு ஏற்றினார்கள். விழி நிலைக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. இப்போது நன்றாகப் படிக்கிறான், நடக்கிறான்.

இது அரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் டெங்குவுக்குப் பின் கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது நரம்பு செயலிழந்து, ஒன்று இரண்டாகத் தெரிவதும் உண்டு. விழித்திரையின் மையம் வீங்கிப் பார்வை மங்குவதும் உண்டு. வெஸ்ட் நைல் கிருமி மூளையையே தாக்கும். 2013-14இல் பசிபிக் கடல் தீவுகளான பிரெஞ்சு பாலினேசியாவில் ஜிகா வைரஸ் பரவியபோது கை கால்களைச் செயலிழக்கச் செய்யும் கியான்-பாரே நோய் பலருக்கு வந்தது. எல்லாம் கொசுவால் வருபவைதான்.

எழுத்து ஆடுவது, இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, திடீரென்று பார்வை மங்குவது: காய்ச்சல் விட்ட சில வாரங்களுக்குள் இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லி நான்கு வரியாவது தங்கள் இதழில் போடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனைகள் கொடுக்கும் சீட்டிலும் இது இருக்க வேண்டும். எங்கள் கையில் கொடுத்த சீட்டில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி