மும்முனை மோட்டாரும் ஒருமுனை வீடும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டின் பின்கட்டில் சிறு தச்சுப்பட்டறை வைத்திருக்கிறேன். பழைய இழைப்பு இயந்திரம் ஒன்று வாங்கினேன். 2 குதிரைத்திறன் கொண்ட மும்முனை மோட்டார். வீட்டிலோ 230 வோல்ட் ஒருமுனை இணைப்பு. கண்டென்சர் மாட்டினால் போதும் என்று ஒருவர் மாட்டிக்கொடுத்தார். பலாப் பலகையைச் செலுத்தியதும் மோட்டார் முனகியது. பத்தே நிமிடத்தில் மோட்டாருக்குள் வார்னிஷ் கருகும் வாடை. உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை (காயில்) புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

பிறகு வி.எஃப்.டி. என்னும் அதிர்வெண் மாற்றும் கருவி வாங்கினேன். அது ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கித் தருகிறது, மோட்டாரையும் அதிர்வில்லாமல் மெல்லக் கிளப்புகிறது. ஆனால் அதிலிருந்து வருவது 230 வோல்ட்தான், மும்முனை இணைப்பில் வரும் 415 அல்ல. மோட்டாரின் பெயர்த்தகட்டில் இரண்டு அளவுகளும் இருந்தால், இணைப்புப் பெட்டியைத் திறந்து, 415-க்கான ஸ்டார் இணைப்பிலிருந்து 230-க்கான டெல்டா இணைப்புக்குப் பித்தளைத் தகடுகளை மாற்றிப் பூட்ட வேண்டும். மாற்றாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு இழுவைதான் கிடைக்கும்; பலாப் பலகையின் வைரம் பாய்ந்த பகுதியில் இயந்திரம் நின்றேவிடும். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. கையேட்டில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை!

உளி பிடித்துப் பழகிய கைகள் மின்சாரத்தைத் தட்டுத்தடுமாறிக் கற்பது ஆபத்து. விற்பவர்கள் இணைப்புப் படத்தைத் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் தச்சர்களுக்காக மாலை நேரத்தில் ஒரு நாள் வகுப்பாவது நடத்த வேண்டும்.

ஒரு தச்சர்,
பண்ருட்டி