தோசைக்கடை அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று தானாகவே எழுந்து உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டார். உப்பு போதவில்லை என்று குறையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்கத்தான் இத்தனை நாள் காத்திருந்தோம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் உங்களுக்குத் தெரியும். "எங்க அம்மாவைப் பெத்தவங்க எங்கே இருக்காங்கன்னு தெரியாமலே நான் போயிடுவேனா?" என்று கேட்டார். பதில் கிடைத்துவிட்டது. தியேட்டருக்குள் போவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அதற்குத்தான் இந்த மடல்.

ஆச்சி ரங்கூன் யூதப் பெண் என்பதே எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. தாத்தா அங்கே ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருபத்தாறாம் தெரு, அங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1890களில் கட்டியது, இன்றும் நிற்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன் பிறகு இந்தியாவை நோக்கி வந்த லட்சக்கணக்கானவர்களில் இவர்கள் இரண்டு பேரும் உண்டு. நடுவில் என்ன நடந்தது என்று ஆச்சி கடைசி வரை வாய் திறக்கவில்லை. மார்கழியில் கோலம் போட்டார், பொங்கல் வைத்தார், பன்றிக்கறியை மட்டும் வீட்டுக்குள் விட்டதில்லை. யூத முறைப்படி தாய் வழியில்தான் யூதர் ஆவார்களாம். அந்தக் கணக்கில் ஆச்சியின் மகளான என் அம்மாவும் யூதர், நானும் யூதச்சி. சிவகங்கைப் பக்கத்து அத்தைகளிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இந்தத் தேடலில் இறங்கியபோது முதலில் தெரிந்துகொண்டது இதுதான்: யூத வம்சம் தேடுபவர்களுக்கு உதவ எத்தனையோ இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் அவை போலந்து, லித்துவேனியா, உக்ரைன் பக்கத்துக்காரர்களுக்கு. ஜெர்மனியில் பாட் ஆரோல்சன் ஊரில் நாஜிக்களிடம் சிக்கியவர்களைப் பற்றி மூன்று கோடி ஆவணங்களுக்குமேல் வைத்திருக்கிறார்கள், ஜெருசலேமில் நாஜிக்கள் கொன்ற யூதர்களுக்கான நினைவகம் யாத் வஷெம் இருக்கிறது, அமெரிக்கக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. ஆச்சியின் ஆட்களோ பாக்தாத்திலிருந்து கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று வியாபாரத்துக்குப் போனவர்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தவர்கள்தானே, லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் கிடைக்குமே என்றார்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானமே வாங்காத ஆளை அதில் தேடி என்ன பயன்?

இன்னொரு சிக்கல் பெயர்கள். பாக்தாத் யூதர்கள் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள், தாத்தா உயிரோடு இருக்கும்போதே வைப்பார்கள். போலந்துப் பக்கத்து யூதர்களிடம் அந்த வழக்கமே கிடையாது. பல வீடுகளில் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை, அப்பா பெயரே இரண்டாவது பெயர். எசேக்கியேல் மகன் சவுல், சவுல் மகன் எசேக்கியேல், அவன் மகன் மறுபடி சவுல். ஒரு தாத்தாவுக்கு நாலு மகன்கள் இருந்தால் ஒரே பெயரில் நாலு பேரன்கள். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் வேறு, தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவதும் அவர்கள் சட்டத்தில் செல்லும். இனிஷியல் போட்டே வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆச்சிக்கு வந்த பழைய கடிதத்தைப் படித்துச் சொன்ன லண்டன் பெரியவர் ஒருவர் இதை ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். நான் "எங்க ஊர்லயும் அப்படித்தான் ஐயா" என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பெரியவருக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும். ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் இருந்த கடிதம் எபிரேய எழுத்தில் இருந்தது, ஆனால் எபிரேயம் படித்த இரண்டு பேர் ஒரு வரிகூடப் புரியவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். காரணம், எழுத்துதான் எபிரேயம், மொழி பாக்தாத் யூதர்கள் வீட்டில் பேசிய அரபி. கல்கத்தாவில் 1870களிலேயே இந்த அரபியில் பத்திரிகை நடத்தியிருக்கிறார்கள். இன்று அதைச் சரளமாகப் படிப்பவர்கள் அரிது. பெரியவர் கண்புரையோடு போராடிக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து, முழுக் கடிதத்தையும் போனில் படித்துச் சொன்னார். கல்கத்தாவிலிருந்து பெரியம்மா ஒருவர் ஆச்சிக்கு எழுதியது. "உன் அம்மாவை 1938ல் ரங்கூனில் அடக்கம் செய்த இடத்துக்கு நீ போகும்போது எனக்காகவும் போ" என்று அதில் ஒரு வரி இருந்தது.

ரங்கூன் கல்லறைப் பட்டியலைத் தட்டச்சு செய்து வைத்த, முகம் தெரியாத அந்தத் தன்னார்வலருக்கு நன்றி. யூத வம்சம் தேடுபவர்களுக்கான ஜூயிஷ்ஜென் இணையதளத்தில் என் அரைகுறைக் கேள்விகளுக்கு நள்ளிரவில் பதில் போட்டவர்களுக்கு நன்றி. 1987ல் சின்னதாகத் தொடங்கிய அந்த இடத்தில் இன்றும் சம்பளம் வாங்காதவர்கள்தான் பெரும்பாலான வேலையைச் செய்கிறார்கள். ரத்தம் கொடுத்த பக்கத்துத் தெருப் பையன்களுக்கும், ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த மாடிவீட்டு அக்காவுக்கும், பர்மா பஜாரில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வைத்திருக்கும் அண்ணனுக்கும் நன்றி. அண்ணனின் மச்சான் நம்பர் இல்லாவிட்டால் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும். ஒரு அலுவலகத்தில் மட்டும் "இறந்து எத்தனையோ வருஷம் ஆயிடுச்சே, இப்ப எதுக்கும்மா இது?" என்று கேட்டார்கள். அவர்களை விட்டுவிடுவோம்.

இனி யாங்கோன் அக்கா.

அவர் எங்களுக்கு எந்த உறவும் இல்லை. அத்தோ கடை அண்ணனின் மச்சானுக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், தோசைக்கடை வைத்திருக்கிறார். பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர், தமிழ் பேசுவார், எழுத வராது. அதனால் எல்லாமே குரல் செய்தியாகத்தான் வரும், அதுவும் அந்தப் பக்கம் கரண்ட் இருக்கிற நேரத்தில். தொண்ணூற்றொன்றாம் தெருவில் யூதர் கல்லறை இருக்கிறது, அறுநூறுக்கு மேல் கல்கள், இரண்டே இரண்டைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். யார், எவர், எதற்கு என்று ஒரு கேள்வி கிடையாது. "அம்மாவுக்கு எப்ப ஆபரேசன்?" என்று மட்டும் கேட்டார்.

ஏன் இரண்டு கல் என்றால், நான் சொன்ன அந்தப் பெயர் வழக்கம்தான். பட்டியலில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒரே பாட்டியின் பெயரை வைத்துக்கொண்ட ஒன்றுவிட்ட அக்கா தங்கையாக இருக்க வேண்டும் என்றார் பெரியவர். இரண்டு கல்லிலும் அப்பா பெயர் இருந்த வரி சிதைந்திருந்தது. ஆண்டுக்கு நேரே, ஒன்றில் 1935, இன்னொன்றில் 1935 அல்லது 1938 என்று கேள்விக்குறி.

யூதக் கல்லறைகளில் ஆண்டை எழுத்துகளால் எழுதுவார்கள், எழுத்துக்கு ஒரு எண் உண்டு. தாவ் 400, ரேஷ் 200, சாதே 90. அவர்கள் ஆண்டுக்கணக்கில் முன்னால் வரும் ஐயாயிரத்தைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். வரும் தொகையோடு 1240 கூட்டினால் நம் ஆண்டு. கடைசி எழுத்து ஹேத் என்றால் 8, மொத்தம் 698, அதாவது 1938. ஹே என்றால் 5, அதாவது 1935. இரண்டு எழுத்துக்கும் மேலே ஒரு கூரை, கீழே இரண்டு கால். ஹேத்தில் இடது கால் கூரையோடு ஒட்டியிருக்கும், ஹேயில் மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். எங்கள் கொள்ளுப்பாட்டி எவர் என்பது அந்த மயிரிழையில் இருந்தது.

முதல் நாள் அக்கா மத்தியான வெயிலில் போனார். உச்சி வெயில் நேராக அடித்ததில் எழுத்தும் கல்லும் ஒரே வெளுப்பு. சாயங்காலம் போனால் மர நிழல் விழுந்து ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்த்தால் எழுத்து தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். அது கல்லைக் கெடுத்துவிடும், வெறும் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும் என்று நான் சொன்னேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை. போதும் அக்கா, சிரமப்படாதீர்கள் என்றேன்.

மறுநாள் காலை ஒரு படம் வந்தது. கடையைச் சாத்திவிட்டு, மகனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம், கடையில் தோசை அடுக்கி வைப்பது. கல் நிழலில் இருக்கிறது. அக்கா நாலடி தள்ளி வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து, தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கல்மேல் அடிக்கிறார். படத்தின் ஓரத்தில் அவர் கை தெரிகிறது. நகக்கண்ணில் காய்ந்த மாவு, மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிறு. ஈரக் கல்லில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கறுப்பு ஓரம் விழுந்து, எழுத்தெல்லாம் எழுந்து நிற்கிறது. இடது கால் கூரையோடு ஒட்டியிருந்தது.

"சாமான் கழுவி வெயில்ல கவுக்கும்போது தட்டு வெளிச்சம் செவத்துல அடிக்கும்ல தங்கச்சி, அது ஞாபகம் வந்துச்சு" என்றார் அக்கா. கல்வெட்டு ஆட்கள் விளக்கை வைத்துச் செய்கிற அதே வேலை!

பெரியவர் படத்தைப் பார்த்துவிட்டு மாதத்தையும் படித்துச் சொன்னார். ஷெவாத் மாதம், 1938 ஜனவரி. அன்று சாயங்காலம் அம்மா கட்டிலருகே போய்ச் சொன்னேன். போனை வாங்கி ரொம்ப நேரம் பெரிதுபடுத்திப் பார்த்தார். அழவில்லை. "அப்ப திதி தை மாசம் வருமா?" என்று கேட்டார். அவர்கள் கணக்கும் சந்திரனை வைத்துத்தான், பெரும்பாலும் தையை ஒட்டித்தான் வரும் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

இவ்வளவு செய்ததற்கே நான் காலம் முழுக்கக் கடன்பட்டவள். ஆனால் எனக்கு மறக்காமல் நிற்கப்போவது அதற்குப் பிறகு நடந்தது. அக்கா கிளம்புவதற்கு முன் கூப்பிட்டார். "அவங்க மொறைக்கு என்ன செய்யணும்? பூ வெக்கலாமா, பத்தி கொளுத்தலாமா?" யூதர்கள் பூ வைப்பதில்லை, வந்து போனதற்கு அடையாளமாக ஒரு சின்னக் கல்லை வைப்பார்கள் என்று சொன்னேன். சரி என்று அம்மாவுக்காக ஒன்று, எனக்காக ஒன்று வைத்துவிட்டு மகனிடம் படம் எடுக்கச் சொன்னார். அடுத்து வந்த படத்தில் இருந்தது வேறு கல், நாலு கல் தள்ளி இருக்கும் 1935ஆம் வருஷத்துக்காரருடையது. அதன் மேலும் ஒரு கூழாங்கல்.

"அது நம்ம ஆளு இல்லையே அக்கா" என்றேன்.

"இல்லைன்னு தெரியும். ஒரே பேரு. இவங்களத் தேடி வந்துட்டு அவங்களப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கு?"

எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தப் பெண் எங்களுடையவர் இல்லை என்று தெரிந்த நிமிஷம் என் நோட்டில் அவர் பெயரை அடித்துவிட்டேன். வம்சம் தேடுகிற எல்லோரும் இப்படித்தான் வேலை செய்கிறோம். நம் ஆள் என்றால் கொண்டாட்டம், இல்லையென்றால் ஒரு கோடு. ரங்கூனில் ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேல் யூதர்கள் இருந்தார்கள், இன்று விரல் விட்டு எண்ணலாம். அந்தக் கல்லுக்கு முன் கடைசியாக யார் நின்றார்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

அக்கா காசு வாங்கவில்லை. டாக்ஸிக் காசாவது வாங்குங்கள் என்று சண்டை போட்டுப் பார்த்தேன். பேரனுக்குத் தமிழ் அரிச்சுவடி ஒன்று, படம் போட்டதாக, கிடைத்தால் அனுப்பு என்றார். புத்தகங்கள் ஒரு பையாகவே சேர்ந்துவிட்டன, அத்தோ கடை அண்ணன் வழியாகவே போகின்றன.

இப்போது எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்னையில் லாயிட்ஸ் ரோட்டில் சின்னதாக ஒரு யூதர் கல்லறை உண்டு. பவழமும் வைரமும் விற்க வந்தவர்கள் ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த காலத்துக் கல்கள் சில இடம் மாறி மாறிக் கடைசியில் அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. 1687ல் இறந்த ஜாக் டி பைவா என்ற வைர வியாபாரியின் கல் உட்பட சில, அந்த இடமாற்றங்களில் தொலைந்தே போய்விட்டனவாம். அங்கே யாரையாவது தேடுபவர்கள் ஆம்ஸ்டர்டாமிலோ லண்டனிலோ இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள். பூட்டு திறக்க யாரைக் கேட்க வேண்டுமோ கேட்டு, தாம்பாளத்தோடு போகிறேன். தேடாதவர்களின் கல்களையும் படம் எடுப்பேன்.

அப்புறம், ரங்கூனில் 1935ல் அடக்கமான அந்தப் பெண்மணியின் படத்தையும் விவரத்தையும் கல்லறைப் பதிவேட்டில் சேர்க்கக் கொடுத்துவிட்டேன். பாக்தாத் வழிக் குடும்பங்களில் யாருக்காவது ரங்கூனில் தங்கிவிட்ட கொள்ளுப்பாட்டி உண்டா என்று விசாரியுங்கள். தெளிவான படம் என்னிடம் இருக்கிறது, கேட்டவுடன் அனுப்புகிறேன்.