ஆண்டறிக்கை: சாந்தோம் பேராலயம் குறித்த நமது சங்கத்தின் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே,

கடந்த பொதுக்குழுவில் தீர்மானித்தபடி, நமது சங்கம் இவ்வாண்டு சாந்தோம் பேராலயத்தின் கட்டடக் கலையையும் வரலாற்றையும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. பேராலயத்தை நேரில் பார்வையிட்டதே ஆண்டின் முதன்மைப் பணி என்பதால் அறிக்கையும் பெரிதும் அதைப் பற்றியதே.

இன்று நிற்கும் கட்டடத்தையே போர்ச்சுகீசியர் கட்டியதாகச் சொல்லும் வழக்கம் நம் உறுப்பினர்களிடமும் இருந்தது. இயேசுவின் சீடரான புனித தோமையாரின் கல்லறை என்று மரபு போற்றும் இடத்தில் 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஓர் ஆலயம் எழுப்பியதும், 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபைப் பகுதி) உருவானதும் உண்மையே. ஆயினும் அந்தப் பழைய ஆலயம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகற்றப்பட்டு, அதே இடத்தில் புதிதாகக் கட்டப்பட்ட பேராலயமே 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்கென அர்ப்பணிக்கப்பட்டது.

கட்டுவித்த ஆயர் ஹென்றி ரீட் த சில்வா, போர்ச்சுகல் அரசின் ஞானாதிக்க உரிமைக்கு (ஆயர் நியமனம் முதலியவற்றில் திருத்தந்தையர் அதற்கு அளித்திருந்த உரிமைக்கு) உட்பட்ட மறைமாவட்டத்தின் தலைவர். வடிவமைத்தவரோ கேப்டன் பவர் என்னும் ஆங்கிலேயர். பழைய கோவாவின் ஆலயங்களில் காணும் போர்ச்சுகீசியச் சாயல் இங்கு இல்லாமல், கூர்நுனி வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட நவ கோதிக் பாணி (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியின் மறுமலர்ச்சி) அமைந்ததற்கு இவ்விருவரின் கூட்டே காரணம் என்பது என் தனிப்பட்ட கருத்து, உறுப்பினர்கள் மறுக்கலாம்.

சாலையில் செல்வோர் கண்ணில் படுவது ஏறத்தாழ 155 அடி உயரமுள்ள பெரிய கோபுரம் மட்டுமே. கட்டடத்தின் நடுப்பகுதியில், கூரைக்கு மேல் மற்றொரு சிறு கோபுரம் இருக்கிறது. அது அழகுக்காக வைத்ததன்று. கீழே கல்லறை அமைந்த இடத்தை வெளியிலிருந்தே அறிவதற்கான அடையாளம். பேராலயத்துக்குப் பின்புறமாகத் தனி வழி இருப்பதால், மேலே திருப்பலி நடக்கும்போதும் இடையூறின்றிக் கல்லறைச் சிற்றாலயத்துக்கு இறங்கிச் செல்ல முடிகிறது. 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இதைப் பசிலிக்காவாக (திருத்தந்தை சிறப்புத் தகுதி வழங்கும் ஆலயமாக) உயர்த்தியதும், 1986-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் இங்கு வந்ததும் பலர் அறிந்தவை.

கடலை ஒட்டிய கட்டடம் என்பதால் உப்புக் காற்று வெண்பூச்சை ஓயாமல் அரிக்கிறது. ஆகவே வெளிச்சுவர்களை ஆண்டுதோறும் ஒரே கோணத்தில் படமெடுத்துத் தொகுக்க வேண்டும் என்ற முன்மொழிவைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்