1.3 மீட்டர் கம்பைக் கையில் கொடுத்தவர்களுக்கு

எங்கள் காட்டின் கார்பன் கணக்கை, அதாவது காடு எவ்வளவு கார்பனைச் சேர்த்து வைத்திருக்கிறது என்ற கணக்கை, இந்த முறை நாங்களே எடுத்து முடித்துவிட்டோம். மரத்தை அளந்ததும் எண்களைச் சரிபார்த்ததும் காட்டோரத்தில் வாழும் நாங்கள்தான். இதற்குக் கை கொடுத்தவர்கள் பலர்.

முன்பும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. யாரோ வந்தார்கள், அளந்தார்கள், போனார்கள். மரங்களில் அறைந்த எண் தகடுகள்தான் மிஞ்சின. அதனால், பயிற்சி தருகிறோம் என்று நீங்கள் வந்தபோது நாங்கள் முகம் கொடுத்தே பேசவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டதற்கே முதல் நன்றி.

பயிற்சியாளர்களே, முதல் நாள் நீங்கள் கணினியைத் திறக்கவே இல்லை. 1.3 மீட்டருக்கு வெட்டிய கம்பு ஒன்றைக் கொடுத்தீர்கள். அந்த உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும். சரிவில் என்றால் மேட்டுப் பக்கம் நின்று. பலகை வேர் உயர்ந்து நிற்கும் மரமென்றால் அது முடியும் இடத்துக்கும் மேலே. கேட்க எளிதுதான். ஆனால் நாடா ஒரு கொடியின் மேல் ஏறிக் கிடந்தால் போதும், மரம் பருத்துவிடும். விட்டத்தில் நூற்றுக்கு 5 பிழை என்றால், அதை வைத்துக் கணிக்கும் மரத்தின் எடையில் அது 10-க்கும் மேலே போகும் என்று நீங்கள் போட்டுக் காட்டிய பிறகுதான் கொடியை விலக்கி அளக்கும் பொறுமை எங்களுக்கு வந்தது.

எடையைக் கணிக்க விட்டம் மட்டும் போதாது, கட்டையின் அடர்த்தியும் வேண்டும். அதற்கு மரத்தின் இனம் தெரிய வேண்டும். இலை கைக்கெட்டாத மரங்களின் பட்டையைக் கீறி முகர்ந்தே பெயர் சொன்னார்கள் எங்கள் மூத்தவர்கள். அந்த வாய்வழிப் பெயர்களைத் தள்ளிவிடாமல், அறிவியல் பெயர்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்த தாவரவியல் ஆசிரியர்களுக்குத் தனி வணக்கம்.

விறகுக்குப் போகும் பெண்களுக்கும் நன்றி. செயற்கைக்கோள் படத்தில் மர உச்சிகளின் விதானம் பச்சையாகத் தெரிந்த ஓரிடத்தில், கீழே சின்ன மரங்களெல்லாம் வெட்டப்பட்டிருந்ததை அவர்கள்தான் காட்டினார்கள்.

உலர் எடையை 0.47-ஆல் பெருக்கினால் கார்பன். அதை 44/12-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு. இதை அட்டவணையில் ஏற்றிய இளைஞர்கள் ஒருமுறை இரண்டாம் பெருக்கலை இருமுறை செய்துவிட்டார்கள். ஒரு மாலை முழுக்க நாங்கள் கார்பன் கணக்கில் பெரும் பணக்காரர்களாக இருந்தோம். பிழையைக் கண்டுபிடித்ததும் அவர்களேதான், சரி, மன்னித்துவிட்டோம்.

அப்புறம், பக்கத்துக் காட்டுக் குழுவினரே! காடு முழுவதற்கும் மாதிரியாக நாங்கள் கயிறு கட்டி அளந்த பரப்புகளில் சிலவற்றை மறுபடி அளக்க வந்தீர்கள். எல்லைக் கயிற்றில் நின்ற மரங்களையெல்லாம் நாங்கள் உள்ளே சேர்த்திருந்தோம். அடிமரத்தின் நடு உள்ளே இருந்தால்தான் கணக்கு என்று நீங்கள் பிடித்த பிடியில் நின்றீர்கள். வாய்ச்சண்டை வந்தது உண்மை. முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பரப்புகளைத் திரும்ப அளந்தோம். நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால் எங்கள் காடு தாளில் மட்டும் கொழுத்திருக்கும். உங்கள் காட்டை மறு அளவு எடுக்க இப்போது எங்கள் முறை. கயிற்றோடு வருகிறோம்.

காட்டுக்குள் போக அனுமதி தந்த வனத்துறையினருக்கும் நன்றி. மண் மாதிரிகளை மட்டும் இன்னும் வெளி ஆய்வகத்துக்குத்தான் அனுப்புகிறோம்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு தகவல்: நீங்கள் கொடுத்த கம்பு அடியில் தேய்ந்துபோனது. போன வாரம் அளந்து பார்த்தோம், 1.28 இருந்தது. புதிது வெட்டிவிட்டோம்.