நம் தையல் ஜாப் ஒர்க் சங்கத்தின் ஆண்டறிக்கை – 2025

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், கம்பெனிகள் வெட்டித் தருகிற துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் நம் ஜாப் ஒர்க் தொழிலைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 27 அன்று நம் நாட்டுச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அப்போது பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20 தான். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது என்பதால் அடி உடனே விழுந்தது. கட்டிங் முடிந்து பண்டல் கட்டி வந்த பீஸை அப்படியே நிறுத்தி வைக்கச் சொல்லி நம் உறுப்பினர் ஒருவருக்கு போன் வந்தது. எழுத்துப்பூர்வமாக எதுவும் தரவில்லை. வாரம் மூன்று நாள் வேலை என்றானதும் அவரிடம் இருந்த ஒடிசா டெய்லர்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், அவர்கள் திரும்பி வந்தால்தான் அந்த லைன் ஓடும்.

இத்தனைக்கும் நம்மிடம் பலம் இல்லாமல் இல்லை. பங்களாதேஷ் பஞ்சை அநேகமாக முழுக்க வெளியில்தான் வாங்குகிறது; நமக்குக் குஜராத்திலும் மகாராஷ்டிராவிலும் விளைகிறது, நூற்பு மில் பக்கத்திலேயே இருக்கிறது, நிட்டிங் (பின்னல்), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை), தையல், காஜா பட்டன் எல்லாம் ஒரே ஊருக்குள் முடிந்துவிடுகிறது. 2011-இல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு கஷ்டப்பட்டுக் கட்டிய சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு முறையை இன்றைக்கு வெளிநாட்டு பையர்களே கேட்டு விசாரிக்கிறார்கள். நாடு முழுக்க நாலரைக் கோடி பேருக்கு நேரடியாக வேலை தருகிற ஜவுளித் தொழில் இது.

ஆனால் பஞ்சு மகசூல் ஹெக்டேருக்குச் சுமார் 450 கிலோதான், உலக சராசரியில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. 2021-இல் பஞ்சுக்குப் போட்ட 11 சதவீத இறக்குமதி வரியை 2025 ஆகஸ்டில் எடுத்து டிசம்பர் 31 வரை விலக்கு கொடுத்தார்கள். மில்லுக்கு நல்லது, பஞ்சு விவசாயிக்கு பயம். இரண்டு பேரும் பிழைக்க வழி மகசூலைக் கூட்டுவதுதான் என்பது என் கருத்து. செயற்கை இழைக்கு 18, அதன் நூலுக்கு 12 என்றிருந்த ஜிஎஸ்டி செப்டம்பர் 22 முதல் 5 ஆனது ரொம்ப நாள் கோரிக்கை. உலகம் பாலியஸ்டர் பக்கம் போய்விட்டது, நாம் இன்னும் காட்டனிலேயே நிற்கிறோம். பிரிட்டனோடு ஜூலை 24-இல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது, அது அமலுக்கு வந்தால் நம் துணிக்கு அங்கே வரி இருக்காது.

அப்புறம் பேமெண்ட். அமெரிக்க ஆர்டரைக் காரணம் காட்டி, உள்ளூர் ஆர்டருக்கான கூலியையும் கம்பெனிகள் நாலு மாதம் இழுத்தார்கள், சங்கம் நேரில் போய் இரண்டு உறுப்பினர்களுக்கு வாங்கிக் கொடுத்தது. குறு, சிறு தொழில் சட்டப்படி, ஒப்பந்தம் எழுதியிருந்தால் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும். தராத தொகையை அந்த வருஷச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியாது என்பதால் இப்போது ஆடிட்டர்களே கம்பெனிகளை முடுக்குகிறார்கள். ஆனால் உத்யம் பதிவும் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முறையான பில்லும் இருப்பவர்களுக்குத்தான் இது உதவும். நம்மில் பல பேர் இன்னும் துண்டுச் சீட்டில்தான் கணக்கு வைத்திருக்கிறோம்.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது, புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து நாங்களே செய்து தருகிறோம். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் மூன்றையும் கையோடு கொண்டு வாங்க.

செயலாளர்