சட்டை எப்படிக் காயுது?

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ போனில் சொன்னதை நினைத்துக்கொண்டே படுத்தேன், நித்திரை வரவில்லை. தரம் 8 வகுப்பில் ஒரு பெடியன் எழும்பி, "மைனசை மைனசால் பெருக்கினால் ஏன் ரீச்சர் பிளஸ் வருது?" என்று கேட்டானாம். நீ, "அது விதி, பாடமாக்கு, இரு" என்று சத்தம் போட்டாயாம். பிறகு அறைக்கு வந்து அழுதாயாம். நீ கூடாத ரீச்சர் இல்லை பிள்ளை. நானும் அதைச் செய்தவன்தான். இவ்வளவு நாளும் உனக்குச் சொன்னதில்லை.

1997. கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் நிறைந்திருந்த காலம். காலையில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் நடக்கும்; பின்னேரம் அதே வளவில், கிடுகுக் கொட்டில்களில் எங்கள் பள்ளிக்கூடம். நான் தொண்டர் ஆசிரியன். கலைப்பிரிவு படித்தவன். விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை என்று அதிபர் கேட்டதால் அதையும் எடுத்தேன். ஆய்வுகூடம் இல்லை. பொருளாதாரத் தடை, இரவில் விளக்கு வைத்துப் படிக்க மண்ணெண்ணெயும் இல்லை.

மாரி நேரம். ஒரு பெடியன் தொப்பலாக நனைந்து வந்தான். சட்டையைக் கழற்றிப் பிழிந்து, கொட்டில் வளையில் போட்டுவிட்டு, வெறும் மேலோடு கடைசி வாங்கில் இருந்தான். நான் "நீர் 100 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகும்" என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் வளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சேர், அப்ப என்ர சட்டை எப்பிடிக் காயுது? அது கொதிக்கேல்லையே?"

எனக்கு விடை தெரியாது. காது இரண்டும் சுட்டது. "அதிகப்பிரசங்கி! பாடத்தைக் குழப்பாதை" என்று அவனைக் கொட்டிலுக்கு வெளியே நிற்க வைத்தேன். பள்ளிக்கூடம் விடும்வரைக்கும் அந்தக் குளிரில் வெறும் மேலோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவன் கேட்டது சட்டையைப் பற்றி. என் காதில் விழுந்ததோ, "உமக்கு இது தெரியுமா?" என்று. எங்கள் பக்கம் வாத்தியார் என்றால் சைக்கிளால் இறங்கி நின்று கதைப்பார்கள், கோயில் கூட்டத்தில் கதிரை எடுத்துப் போடுவார்கள். எல்லாம் தெரிந்தவன் என்பதற்காகத்தான் அந்த மரியாதை என்று நம்பியிருந்தேன். "தெரியாது" என்று ஒரு சொல் சொன்னால் அது போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குத்தான் கோபம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் படித்த காலத்தில் எதிர்க்கேள்வி கேட்டால் பிரம்புதான் பதில். அடி வாங்கி வளர்ந்தவன் அதே பாதையில்தான் முதலில் கால் வைப்பான். 2005 இல் சுற்றறிக்கை வந்து அடிக்கக் கூடாது என்றார்கள், நல்லது. ஆனால் வகுப்பே சிரிக்க ஒரு பிள்ளையை இருத்திவிடுகிற சொல்லை எந்தச் சுற்றறிக்கை தடுக்கும்?

பாடம் நன்றாகத் தெரிந்தவர்களும் சினப்பதைப் பார்த்திருக்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பி யாழ்ப்பாணத்தில் இருந்து பஸ் ஏறி வருகிறவர், பரீட்சைக்கு முன் சிலபஸ் முடிக்க வேணும், பெறுபேறு குறைந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேணும். அவருக்குக் கேள்வி என்பது பறிபோகிற பத்து நிமிடம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் "இடைவேளைக்கு வா, சொல்லுறன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சரி, சீண்டுவதற்கென்றே கேட்கிற பிள்ளையும் உண்டு. அதற்கும் நேராகவே பதில் சொல்லு. நீ சினக்காவிட்டால் சீண்டுகிறவன் தானாக அடங்குவான்.

அப்புறம் இடம்பெயர்ந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். கொதிக்கும்போது நீர் முழுவதுமே குமிழியிட்டு ஆவியாகிறது. ஆனால் மேற்பரப்பில் வேகமாக அசைகிற துணிக்கைகள் எந்த வெப்பநிலையிலும் பிரிந்து போய்க்கொண்டேதான் இருக்கும், காற்றடித்தால் இன்னும் கெதியாக, என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் சொல்ல அந்தப் பெடியனைத் தேடினேன். குடும்பம் புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டதென்றார்கள். அவன் விடை இல்லாமலே போனான். வெளியே நிற்க வைத்த நாளுக்குப் பிறகு, போகும்வரைக்கும் என் வகுப்பில் அவன் வாயே திறந்ததில்லை.

உன் பெடியன் உன் வகுப்பில்தான் இருக்கிறான், திங்கட்கிழமை வருவான். இன்று விடிய இரணைமடுக் குளக்கட்டில் நின்றபோது அவனுக்கு ஒரு விடை யோசித்தேன். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து, மட்டம் நாளுக்கு 2 அங்குலம் இறங்குகிறது என்று வை. அது மைனஸ் 2. இன்னும் மூன்று நாளில் 6 அங்குலம் கீழே நிற்கும். மூன்று நாளுக்கு முந்தி? அது மைனஸ் 3. அன்றைக்கு மட்டம் இன்றையைவிட 6 அங்குலம் மேலே நின்றது. மைனஸ் 2 ஐ மைனஸ் 3 ஆல் பெருக்க பிளஸ் 6. அங்கே மட்டக்களப்பில் உன்னிச்சைக் குளத்தை வைத்துச் சொல்லு, அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்த குளம்.

சொல்ல முதல், "அன்றைக்கு நான் சத்தம் போட்டது பிழை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிடு. அவனை எல்லோருக்கும் முன்னால்தானே இருத்தினாய். பிறகு அவன் என்ன சொன்னான் என்று எனக்குப் போன் எடு.

அம்மா புழுக்கொடியல் கட்டி வைத்திருக்கிறா, பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா